பல்லின் வேரில் ஊன்றிய கழி

புனே நகரில் வாழும் தமிழருள் பலருக்குப் பல் வைத்தியரின் நாற்காலி புதிதன்று. வேர்ச் சிகிச்சை முடிந்தபின், "மேலே பல் அதிகம் எஞ்சவில்லை, உள்ளே ஒரு போஸ்ட் ஊன்றித்தான் கேப் போடவேண்டும்" என்று வைத்தியர் கூறுவார். உலோகமா, நாரிழையா என்ற வினாவும் உடன் எழும். அரைகுறை மராத்தியில் விடை தேடும் நாம், உறுதி மிக்க பொருளே நல்லது என்று எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் காட்ட ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சுருங்கக் காண்போம்.

பிரான்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். எஞ்சிய வேருக்குள் பொன் அல்லது வெள்ளிக் கம்பியைச் செருகிச் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறை அதில் விளக்கப்பட்டது. பின்னர் மரக்குச்சி வழக்கத்திற்கு வந்தது. அது மலிவானது, சீவி எடுப்பதும் எளிது. வாயின் ஈரத்தில் ஊறிப் பருத்து வேரை இறுகப் பற்றிக்கொள்வதும் முதலில் நன்மையாகவே தோன்றிற்று. ஆனால், உலர்ந்த மர ஆப்பைப் பாறையில் அடித்து நீரூற்றிப் பிளக்கும் பழைய முறையை நம்மவர் அறிவர். அந்த ஆப்பு பாறைக்குச் செய்ததையே இக்குச்சி வேருக்கும் செய்தது. பற்றிய கையே பிளந்த கையுமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேயாக் காடுகளின் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் மேனாடுகளை அடைந்தது. 1867இல் அமெரிக்கரான போமன் அதனை வேர்க்குழாயை அடைக்கப் பயன்படுத்தினார். இன்றும் நம் பல்லின் வேரை அடைப்பது பெரும்பாலும் அப்பொருளே. 1870களின் இறுதியில் ரிச்மண்ட் என்பவர் கம்பியும் வளையமும் பீங்கான் முகப்பும் ஒன்றாய் அமைந்த உறையைச் செய்தார். 1907இல் டாகர்ட் என்பார் மெழுகில் உருச்செய்து, அச்சில் பதித்து, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் பொன்னை வார்க்கும் முறையைப் பல் வைத்தியத்தில் பரப்பினார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்த முறையும், சுவாமிமலை ஸ்தபதியர் இன்றும் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ! வேரின் வடிவுக்கேற்ப வார்த்த உலோகக் கம்பியே பின்னர்ப் பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

இக்கல்வி நம் நாட்டில் வேரூன்றிய கதையும் நினைக்கத்தக்கது. டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941இல், இந்தியப் படையில் பல் மருத்துவத்திற்குத் தனிப்பிரிவு அமைந்தது. 1948இல் புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பல் மருத்துவர் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறிற்று. சென்னையில் 1953இலும், புனே பாரதி வித்யாபீடத்தில் 1989இலும் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன.

இதற்கிடையே உலோகக் கம்பியின் குறை ஒன்று தெளிவாயிற்று. கம்பி முறியவில்லை, வேர் பிளந்தது. பல்லின் உட்பொருளாகிய தந்தினியின் விறைப்பு ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல். டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110. எஃகும் சிர்கோனியாவும் ஏறத்தாழ 200. மெல்லும்போது பல் சற்றே வளைகிறது; கம்பியோ வளைய மறுக்கிறது. அதனால் விசை ஓரிடத்தில் குவிந்து வேரைத் தாக்குகிறது. நெடுக்காகப் பிளந்த வேருக்குப் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே முடிவு.

1990இல் பிரான்சில் டுரே முதலியோர் கரியிழைக் கம்பியை அறிமுகம் செய்தனர். அதன் கருநிறம் உறையினூடே தெரிந்ததால், கண்ணாடியிழையும் குவார்ட்ஸ் இழையும் பின்னர் வந்தன. இவற்றின் விறைப்பு உலோகத்தைவிடப் பல்லுக்கு நெருங்கியது. இவையும் தோல்வியுறுவதுண்டு; ஆயினும் அப்போது பெரும்பாலும் பசை விட்டுக் கம்பி கழன்றுவரும். வேர் பிழைத்திருப்பதால் மீண்டும் பொருத்தலாம். தோற்பதிலும் பல்லைக் காக்கும் தோல்வி, அழிக்கும் தோல்வி என இருவகை உண்டு.

ஆகவே நாம் அறியவேண்டியது ஒன்று: எந்தக் கம்பியும் பல்லுக்கு வலிமை சேர்ப்பதில்லை. மேலே கட்டும் பகுதியைத் தாங்குவதே அதன் பணி. போதிய பல் எஞ்சியிருந்தால் கம்பியே வேண்டுவதில்லை. வேண்டுமாயின், உறை தழுவிக்கொள்ள ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நற்பல் இருப்பது நலம். வேரின் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் அடைப்பும் கலையாதிருத்தல் வேண்டும். வார்த்த உலோகத்திற்கும் இடமுண்டு. எஞ்சிய பல்லைக் கண்டு வைத்தியரே அதனை முடிவு செய்வார்.

அடுத்தமுறை புனேயின் எப்பேட்டையிலேனும் அந்நாற்காலியில் அமரும்போது, "எது உறுதியானது?" என்று கேளாதிருப்போம். "என் பல் எவ்வளவு எஞ்சியுள்ளது? இது தவறினால் வேர் பிழைக்குமா?" என்று கேட்போம். முந்நூறு ஆண்டுகளில் பிளந்த வேர்கள் நமக்குக் கற்பித்த கேள்விகள் இவையே.