அல்சூர் ஏரி

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், மர்பி டவுனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள பழைய ஏரி. கன்னடத்தில் ஹலசூரு கெரே. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ளது. நீர்ப்பரப்பில் சிறு தீவுகள் உண்டு. கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. நகரை நிறுவிய கெம்பேகௌடர் பெயரால் வழங்கும் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்றும் இப்பக்கமே நிற்கிறது.

தமிழர் தவறவிடக் கூடாதது கரையோரத் திருவள்ளுவர் சிலை. 1991இல் நிறுவப்பட்டும், மொழிப் பூசலால் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில உறவில் இவ்வளவு இதமான வாரம் அரிது.

அருகிலுள்ள சோமேசுவரர் கோயிலின் இராசகோபுரம் விசயநகரப் பாணியிலானது. இராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பத்தையும் நாயன்மார் உருவங்களையும் நின்று பார்க்க வேண்டும்.

கழிவுநீர்க் கலப்பு ஏரியின் தீராத நோய். 2016 மார்ச்சில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. பிள்ளையார் சிலைகளைக் கரைக்க ஏரியை ஒட்டிக் கல்யாணி எனப்படும் தனிப் படிக்குளம் கட்டப்பட்டுள்ளது.