வவுனியாவில் குழந்தைகளுக்குத் திட உணவு தொடங்கும் முறைகள்

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து வேறு உணவைப் பழக்கும் வழிகள் வன்னிப் பெருநிலத்தில் பொதுவாக நான்கு. மாவைக் காய்ச்சிப் பருக்கும் கஞ்சியும் கூழும் ஒன்று. வீட்டுச் சோற்றைக் கையால் பிசைந்து தீத்துவது இன்னொன்று. சத்துமா, திரிபோஷா, கடைத் தானிய உணவு போன்ற ஆயத்த மாக்கள் மூன்றாவது. பிள்ளை தானே கையால் எடுத்து உண்ணும் முறை வெளிநாட்டுச் சொந்தங்கள் வழியாகவும் யூடியூப் வழியாகவும் அண்மையில் வந்து சேர்ந்தது. வவுனியாவில் இவை தனித்தனிக் கட்சிகளாக இல்லை. காலையில் கூழ், மத்தியானம் பிசைந்த சோறு, பின்னேரம் கையில் ஒரு துண்டு பப்பாசி என ஒரே வீட்டில் ஒரே நாளில் மூன்றும் நடக்கும். முறையின் பெயரைவிடக் கிண்ணத்தில் இருப்பது எவ்வளவு தடிப்பு, அதில் மீனோ முட்டையோ உண்டா என்பவையே பிள்ளையின் எடையில் தெரியவரும். இக்கட்டுரை முறைகளை அந்த அளவுகோலால் ஒப்பிடுகிறது.

தொடங்கும் காலம்

முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரையை உலக சுகாதாரப் பேரவை 2001இல் ஏற்றது. அதற்கு முன் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்பதே வழக்கு. இலங்கையும் நான்கு மாதக் கணக்கிலிருந்து ஆறு மாதக் கணக்குக்கு அதன் பின்னரே மாறியது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். உலக அளவில் இது மிக உயர்ந்த வீதம். இன்று பேரப்பிள்ளை வளர்க்கும் அம்மம்மாமார் பலர் தொண்ணூறுகளில் நான்கு மாதத்தில் கஞ்சி பருக்கியவர்கள். அன்றைய கிளினிக் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். இன்று குடும்பநல உத்தியோகத்தரின் பேச்சுக்கும் அம்மம்மாவின் பேச்சுக்கும் இடையில் வரும் இழுபறியை வெறும் அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல.

சைவக் குடும்பங்களில் சோறு தீத்தல் ஒரு சடங்கு. நாள் பார்த்துக் கோயிலில் பொங்கிய புக்கையைத் தாய்மாமனோ பேரனோ பிள்ளையின் நாவில் வைப்பார். ஆண் பிள்ளைக்கு இரட்டை மாதம், பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதம் என்ற கணக்கும் உண்டு. அந்தக் கணக்கில் பெண் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் அல்லது ஏழாம் மாதம் விழுகிறது. ஐந்தில் ஒரு வாய்ப் புக்கை நாவில் பட்டால் பெரிய கேடு இல்லை. அன்று தொடங்கி நாள்தோறும் உணவு கொடுத்தால் தாய்ப்பால் குறையும். நாள் அமையவில்லை என்று ஏழாம் மாதம் முழுவதும் உணவே கொடுக்காமல் காத்திருப்பது அதைவிடப் பிழை. வவுனியா தெற்கில் வாழும் சிங்களக் குடும்பங்களும் நல்ல நேரம் பார்த்துக் கிரிபத் ஊட்டுவதுண்டு. முதற்பல் முளைத்ததும் நடக்கும் பல்லுக்கொழுக்கட்டை வேறொரு கொண்டாட்டம். பல் வரும்வரை கட்டி உணவு கூடாது என்று சிலர் அதையும் இதையும் முடிச்சுப் போடுகிறார்கள். ஈறாலேயே பிள்ளை மென்மையான உணவை நன்றாக நசுக்கும். பல்லுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

தலை நிற்பது, பிடித்து இருத்தினால் இருப்பது, கண்ட பொருளை வாய்க்குக் கொண்டுபோவது, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருப்பது ஆகியவை தயார்நிலையின் அறிகுறிகள். இவை பெரும்பாலும் ஆறாம் மாத ஊசிக்குக் கிளினிக்குக்குப் போகும் நேரத்தில் கூடிவரும்.

கஞ்சியும் கூழும்

சிவப்புப் பச்சையரிசி மா, குரக்கன் மா, உழுத்தம்மா, வறுத்த பயற்றம்மா ஆகியவை வன்னிச் சமையலறையில் எப்போதும் இருப்பவை. போர்க்காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், பால்மாவும் எரிபொருளும் தட்டுப்பட்டபோது, குழந்தைகளைக் காப்பாற்றியதில் இந்த மாக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே கூழைக் குறை சொல்வதற்கு முன் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் அது 300 ஆகவும், ஒரு வயதுக்குப் பின் 550 ஆகவும் ஏறும். குழந்தையின் இரைப்பை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். ஏழு கிலோப் பிள்ளைக்கு 210. ஒரு வயிறு நிறைந்தால் 210 மில்லிலீற்றர் தான். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அரிசிமா போட்டுக் காய்ச்சிய தெளிகஞ்சியில் 20 கலோரி அளவே இருக்கும். வயிறு முட்டக் குடித்தாலும் 42 கலோரி. நாளுக்கு ஐந்து முறை வயிறு முட்டினால்தான் 200ஐத் தொடலாம். அப்படி முட்டிய வயிற்றில் தாய்ப்பாலுக்கு இடமிருக்காது. தாய்ப்பாலின் 100 மில்லிலீற்றரிலோ ஏறத்தாழ 65 கலோரி உண்டு. மெல்லிய கஞ்சி கொடுப்பது நல்ல உணவை எடுத்துவிட்டு அதன் மூன்றிலொரு பங்கைத் திருப்பித் தருவதாகும்.

அதே 100 மில்லிலீற்றருக்கு 15 கிராம் மா போட்டுக் கரண்டியிலிருந்து வழியாத தடிப்பில் காய்ச்சினால் 50 கலோரிக்கு மேல் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ தேங்காயெண்ணெயோ சேர்த்தால் இன்னும் 40. அரைக் கிண்ணத்தில் 100 கலோரி. இரண்டு வேளையில் கணக்கு முடிந்துவிடும். கூழைக் கைவிடச் சொல்லும் நகரத்து அறிவுரையைவிட, கூழைத் தடிப்பாக்கு என்ற ஒற்றைச் சொல் இங்கே அதிகம் பயன்படும்.

தடித்த கூழை விழுங்க மறுக்கும் பிள்ளைக்கு ஒரு நுட்பம் உண்டு. முளைவிட்ட குரக்கன் அல்லது பயறு மாவிலுள்ள நொதி, மாப்பொருளைச் சிதைத்துக் கூழை இளக்கும், கலோரி குறையாது. பரோடாவில் தாரா கோபால்தாசும் அவரது குழுவினரும் இதை 1980களில் ஆய்ந்து எழுதினார்கள். முளைத் தானியத்தை வெயிலில் காயவைத்து அரைத்து, காய்ச்சிய கூழில் ஒரு சிட்டிகை கலந்து மறுபடி சூடாக்க வேண்டும். நன்றாக வறுத்துவிட்டால் நொதி அழிந்துவிடும். சத்துமாவுக்கு வறுப்பது வாசனைக்கும் கெடாமலிருக்கவும் நல்லது, ஆனால் இந்த வேலை அதனால் நடக்காது.

பிசைந்து தீத்தல்

குழையச் சமைத்த சோறு, பருப்பு, பூசணி அல்லது முருங்கையிலை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றை விரலால் மசித்து வாயில் வைப்பது வவுனியாவின் முதன்மை முறை. மிளகாய்த்தூளும் உப்பும் போடுமுன் பிள்ளையின் பங்கை வேறாக எடுத்து வைப்பது மட்டுமே இதற்கான தனிச் சமையல். விரலுக்கு உணவின் தடிப்பும் சூடும் முள்ளும் தெரியும். ஏழாம் மாதத்தில் பசைபோல் மசித்தவர் எட்டாம் மாதத்தில் தானாகவே கொஞ்சம் பரும்படியாக விடுவார். கிறைண்டரில் அரைத்தால் ஒவ்வொரு நாளும் ஒரே பசைதான் வரும். பிரித்தானியாவில் நெடுங்காலம் தொடரப்பட்ட ஏவன் பிள்ளைகளின் ஆய்வில், பத்து மாதத்துக்குப் பின்னரே கட்டியுள்ள உணவைக் கண்ட பிள்ளைகளுக்கு உண்பதில் சிக்கல்கள் அதிகம் இருந்தன. கிளினிக்கில் அரைக்க வேண்டாம், மசியுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

குறைகளும் உண்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவாத கையால் தீத்தினால் வயிற்றோட்டம் வரும். காகம் காட்டி, இப்போது போன் காட்டி, பிள்ளை கவனியாத நேரத்தில் வாய்க்குள் தள்ளிவிடும் பழக்கமும் இதோடு ஒட்டியது. கையால் தீத்துபவர் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் இருக்கிறார். வாய் திறக்கிறதா, முகம் திருப்புகிறதா என்று பார்க்க அவரைவிட வசதியான இடத்தில் வேறு யாரும் இல்லை. அந்த வசதியைப் போனுக்குக் கொடுத்துவிடுவது எனக்கு விளங்காத ஒன்று.

ஆயத்த மாக்கள்

திரிபோஷா திட்டம் இலங்கையில் 1973இல் தொடங்கியது. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றோடு விற்றமின்களும் கனிப்பொருள்களும் கலந்த இந்த மா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். பிள்ளைக்குரிய பைக்கற்றைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டி வீட்டார் எல்லோரும் பகிர்ந்து தின்பது ஊரறிந்த கதை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டாலும் அஃபுளாடொக்சின் என்ற பூஞ்சண நச்சுக் கவலையாலும் சிறு பிள்ளைகளுக்கான விநியோகம் குலைந்தது. வீட்டுச் சத்துமாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஈரம் பட்ட சோளமும் கச்சானும் வறுத்தாலும் அந்த நச்சு போகாது.

2009இல் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். கடைசி முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. சொந்த அடுப்பில்லாத தாய்க்குப் பிசைந்து தீத்தல் எட்டாது. அங்கே உலக உணவுத் திட்டம் வழங்கிய சோள-சோயா மா போன்றவை பல குழந்தைகளுக்கு முதலுணவு ஆயின.

கடைகளில் விற்கும் நெஸ்டம், செரலாக் போன்றவற்றில் இரும்புச்சத்து சேர்க்கப்பட்டிருப்பது மெய்யான அனுகூலம். விலையும் இனிப்பும் பாதகம். ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்காவில் விற்கப்படும் குழந்தைத் தானிய உணவுகளில் சீனி சேர்க்கப்படுவதை பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. குழந்தை உணவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை இலங்கை 1983இலேயே கொண்டுவந்த நாடு. ஆனாலும் மாரி பிஸ்கற்றும் பிளேன்ரீயில் தோய்த்த ரஸ்க்கும் எந்தக் கோவைக்கும் அகப்படாமல் குழந்தையின் வாய்க்குப் போகின்றன. தேயிலையிலுள்ள தனின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவிடாது. ஆறு மாதத்தில், பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு தீரும் நேரத்தில், இதைவிடக் கெட்ட குடிவகை இல்லை.

தானே எடுத்து உண்ணல்

பிரித்தானியச் சுகாதாரத் தாதி ஜில் ராப்லி, ட்ரேசி மெர்க்கற்றுடன் எழுதி 2008இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது. மசியல் இல்லை, கரண்டி இல்லை. விரல் நீளத்தில் வெட்டி அவித்த கரட்டோ வாழைப்பழமோ பிள்ளையின் முன் வைக்கப்படும். இதன் வேர் இன்னும் பழையது. 1920களின் கடைசியில் அமெரிக்க வைத்தியர் கிளாரா டேவிஸ், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகளை வைத்து, தாமாகவே தேர்ந்து உண்ணவிட்டுப் பதிவு செய்தார். அவர் வைத்தவை எல்லாமே பதப்படுத்தாத நல்ல உணவுகள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகம் 206 தாய்மாரைச் சேர்த்து நடத்திய சோதனையில், தாமே உண்ட குழந்தைகளுக்குப் புரைக்கேறி மூச்சடைப்பது கூடவில்லை; எடைப் பருமனிலும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தாய்மாருக்கு இரும்புச்சத்துள்ள உணவும் ஆபத்தான உணவுகளும் எவை என்று முன்கூட்டியே கற்பிக்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனை தேடியதும் மிகை எடையைத்தான். இலங்கையின் கவலை மறுபுறம்: 2016 அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். பாதி உணவு தரையில் சிந்தும் முறையை மட்டும் நம்புவது இந்தச் சூழலில் பொருத்தமாகத் தெரியவில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் தீத்துவதோடு சேர்த்து, அவித்த வத்தாளங்கிழங்கைக் கையில் கொடுப்பது இரண்டு உலகின் நன்மையையும் தரும்.

மீன், முட்டை, கச்சான்

மீனும் முட்டையும் ஒரு வயதுக்குப் பின் என்ற பழைய ஒழுங்கு இப்போது செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆறு மாதத்திலிருந்தே இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றை நாள்தோறும் கொடுக்கச் சொல்கிறது. குளங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் ஜப்பான் மீனும் விராலும் அரிய பொருள்களல்ல. முள்தான் பயம் என்றால் நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்பைப் போக்கி, வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவலாம். சைவ உணவு மட்டும் உண்ணும் வீட்டில் பருப்பு, பயறு, கீரையோடு தேசிப்புளியோ தோடம்பழமோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும்.

கச்சான் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விளையும் பயிர். லண்டனில் 640 குழந்தைகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனை, ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்குக் கச்சானை முதல் ஆண்டிலேயே கொடுத்தால் பின்னர் கச்சான் ஒவ்வாமை ஐந்திலொரு பங்காகக் குறையும் என்று காட்டியது. கொடுப்பது நன்றாக அரைத்த களியாக இருக்க வேண்டும். முழுக் கச்சானும் றம்புட்டான் விதையும் முந்திரிகைப்பழமும் மூச்சுக்குழாயை அடைப்பவை. வன்னிக் காடுகளில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் அதன் விதையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓங்காளிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு: ஓங்காளிக்கும் பிள்ளை சிவந்து சத்தமிடும், அடைபட்ட பிள்ளையிடமிருந்து சத்தம் வராது. தேன் ஒரு வயதுவரை ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துக்கள் தசைகளைத் தளரச்செய்யும் நச்சை உண்டாக்கும்.

விதிவிலக்குகள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நாள்காட்டி மாதம் பொருந்தாது. எத்தனை கிழமை முந்திப் பிறந்தது என்பதைக் கழித்து, தலை நிற்பதையும் பார்த்து வைத்தியர் காலம் சொல்வார். இரும்புத் துளிகள் அதற்கு முன்பே தொடங்கும். அண்ணப் பிளவுள்ள குழந்தைக்கும் விழுங்குவதில் தடையுள்ள குழந்தைக்கும் வவுனியா பொது வைத்தியசாலையின் குழந்தை வைத்தியரிடம் காட்டிய பின்னரே திட உணவு. நோய்க்காலத்தில் உணவை நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலைக் கூட்டி, சிறுசிறு அளவாகக் கொடுத்து, நோய் நீங்கிய பின் இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். ஆண் பிள்ளைக்கு நீலத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் தரப்படும் கிளினிக் கொப்பியில் எடைக்கோடு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால், முறையை மாற்றுவதற்கு முன் கூழின் தடிப்பையும் நேற்றுத் தீத்திய சோற்றில் என்ன இருந்தது என்பதையும் குடும்பநல உத்தியோகத்தர் கேட்பார்.