பாங்குனாச் சுரங்கமும் நிலத்துக்குரியோரும்

பசுபிக் மாகடலிலுள்ள பூகன்வில் தீவின் நாசியோய் மக்களிடையே நிலவுரிமை தாய்வழியாக இறங்குவது. ஆங்குச் செம்பு கண்டறியப்பட்ட காலத்து அவுஸ்திரேலிய ஆட்சியினர் இயற்றிய சட்டமோ, நிலத்தடிப் பொருள் யாவும் அரசுக்கே உரியன என்றது. 1969 இல் துறைமுகத்துக்கென நிலம் அளக்கப்பட்டபொழுது உறோறோவானாப் பெண்கள் அளவைக் கல்லைப் பிடுங்கினர்; காவற்படையினர் கண்ணீர்ப்புகை வீசி மக்களைக் கலைத்தனர்.

1972 இல் உற்பத்தி தொடங்கிற்று. கொம்பனி வாளாவிருந்தது என்றல் பொருந்தாது. பாதை அமைத்தது, தொழிற்பயிற்சி அளித்தது, புலமைப்பரிசில் வழங்க அறநிதியமும் நிறுவிற்று. ஆயின் உரிமைப்பணம் கனிப்பொருட் பெறுமதியில் நூற்றுக்கு 1.25, அதனுள்ளும் நிலத்துக்குரியோர் பெற்றது நூற்றுக்கு 5 மட்டுமே. கழிவு மண் யாபா ஆற்றை நிரப்பிற்று. ஆற்றை இழந்தார்க்குப் புலமைப்பரிசில் ஈடாகுமோ?

1988 இல் பிரான்சிஸ் ஓனா முதலிய இளந்தலைமுறையினர் ஆயிரங்கோடி கினா நட்டஈடு கோரினர். அது கிட்டாதொழிய, மின்கம்பங்கள் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. தொடர்ந்த போர் 1998 வரை ஓயவில்லை. 2016 இல் ரியோ டின்டோ தன் பங்குகளைக் கையளித்து விலகிற்று. மக்களின் முறைப்பாட்டின்மேல், சுரங்கம் விட்டுச்சென்ற கேடுகளை ஆராய அது உடன்பட்டது 2021 இலேயே.