நிலக்கரிச் சாம்பலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும்

அனல்மின் நிலையத்தில் மாவாக அரைத்து எரிக்கப்படும் நிலக்கரியின் கனத்த சாம்பல் கொதிகலனின் அடியில் தங்கிவிட, புகையோடு மேலெழும் நுண்துகள்கள் புகைபோக்கியை எட்டுமுன் நிலைமின் வீழ்படிவாக்கிகளில் பிடிபடுகின்றன. செய்தித்தாள்கள் உலர் சாம்பல் என்றும், செங்கல் வியாபாரிகள் ஃபிளை ஆஷ் என்றும் குறிப்பிடுவது இத்துகள்களைத்தான். நுண்ணோக்கியில் இவை பெரும்பாலும் கண்ணாடி மணிகளாகவும், இடையிடையே துளைகள் நிறைந்த எரியாத கரித்துணுக்குகளாகவும் தெரியும். சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு ஆகியவை இவற்றில் மிகுதி.

1930களில் அமெரிக்காவில் கான்கிரீட்டுக் கலவையில் இடம்பிடித்த இச்சாம்பல், 1960களிலிருந்து அங்கேயே கழிவுநீர் ஆய்வுக்கும் வந்தது. சாயமும் பிற கரிமப் பொருள்களும் கரித்துணுக்குகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்தல் என்ற நிகழ்வே தொடக்கக்கால ஆய்வுகளின் அடிப்படை. கிளர்வூட்டிய கரி இதே வேலையைப் பன்மடங்கு திறமையாகச் செய்யும் என்றாலும் அதற்கு விலையுண்டு. சாம்பலோ கொட்ட இடமின்றிக் கிடந்தது.

இந்தியாவில், வாரணாசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பாண்டே, பிரசாத், சிங் ஆகியோர் நீரிலிருந்து தாமிரத்தைச் சாம்பலால் அகற்றும் முறையை 1985இல் வெளியிட்டனர். இவ்வகை ஆய்வுகளைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. சுண்ணாம்பு மிகுந்த சாம்பலைத் தாமிரக் கரைசலில் தூவினால் நீர் காரத்தன்மை அடைந்து, தாமிரம் வெளிர்நீல ஹைட்ராக்சைடாக அடியில் படியும். அது வெறும் வீழ்படிவாதலே என்பதால், அகன்ற உலோகம் முழுவதையும் பரப்புக் கவர்தலின் கணக்கில் எழுதுவது பிழை. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரைச் சமப்படுத்தச் சாம்பலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இக்காரத்தன்மையையே கருவியாக்கிக்கொண்டன.

அதே 1985இல் ஜெர்மனியின் ஹோலர், விர்ஷிங் இருவரும் சாம்பலைக் காரக் கரைசலில் சூடாக்கிச் சியோலைட்டாக மாற்றலாம் எனக் காட்டியதே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம். சியோலைட்டு என்பது சீரான நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிக்கேட்டுப் படிகம். தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுக்கொடுத்து நீரிலுள்ள ஈயத்தையோ அம்மோனியத்தையோ பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றமே அதன் பலம். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சாம்பலைக் காஸ்டிக் சோடாவுடன் முதலில் உருக்கிவிட்டால் படிகமாகாமல் எஞ்சும் பகுதி குறைவதைக் கண்டனர். ஆனால் காரமும் வெப்பமும் செலவு வைக்க, இலவசச் சாம்பல் என்ற கவர்ச்சி அவ்வளவில் குறைந்தது.

மற்றொரு தடை சாம்பலுக்குள்ளேயே உள்ளது. ஆர்செனிக், செலினியம், போரான், குரோமியம் ஆகியவை அதிலிருந்து நீரில் கசியக்கூடும் என்பதால், சுத்திகரிக்கப் போட்ட பொருளே மாசாகும் வாய்ப்புண்டு. சாம்பலை நீரோடு தேக்கிவைக்கும் குளங்களின் தீங்கை, 2008 டிசம்பரில் அமெரிக்காவில் டென்னசியின் கிங்ஸ்டனில் அத்தகைய குளத்தின் கரை உடைந்த நிகழ்வும், வடசென்னையில் கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலும் கண்முன் காட்டின. ஆகவே எந்தச் சுரங்கத்து நிலக்கரி, எவ்வளவு சுண்ணாம்பு என்று பாராமல் ஓரிடத்து முடிவை வேறிடத்துக்குப் பொருத்துவது தகாது. உலோகத்தைப் பிடித்து முடித்த சாம்பலை எங்கே பத்திரமாக வைப்பது என்பதும் சேர்த்தே தீர்க்கப்பட வேண்டும்.

இந்திய அரசு 1994இல் சாம்பல் பயன்பாட்டுக்கெனத் தனி இயக்கம் தொடங்கி, 1999இல் அப்பயன்பாட்டைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையையும் வெளியிட்டது. பயன்படும் சாம்பலில் பெரும்பகுதி இன்றும் சிமெண்ட், செங்கல், சாலை, பள்ள நிரப்பல் ஆகியவற்றுக்கே செல்கிறது. கழிவுநீர்ப் பயன்பாடு பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே நிற்கிறது.