லண்டனில் ரூம் தேடிய மாணவர்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையில் படூர், கேளம்பாக்கம். சற்று மேற்கே பொத்தேரி. கல்லூரி திறக்கும் மாதங்களில் இந்த ஊர்களில் எல்லாம் ஒரே காட்சிதான். ஹாஸ்டல் வேண்டாம் என்று வெளியே வந்த மாணவர்கள் 'டு-லெட்' பலகையைத் தேடித் தெருத்தெருவாக அலைவார்கள். சீனியரைக் கேட்பது, டீக்கடையில் விசாரிப்பது, கடைசியில் புரோக்கரிடம் போவது! இந்த அலைச்சலைக் குறைக்க ஓர் இணையதளம் செய்யலாமே என்ற யோசனை கணினி படிக்கும் மாணவர்களுக்கு வருவது இயல்பு. வாடகை, அட்வான்ஸ், தூரம், தண்ணீர் வசதி என்று நாலு கட்டம் போட்டால் பட்டியல் தயார்.

ஆனால் அந்த எண்ணுக்குப் போன் செய்ததும் வருகிற கேள்வி வேறு. "பேச்சலரா? எந்த ஊரு? நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" இதற்குப் பட்டியலில் கட்டமே கிடையாது. மாணவர்களுக்கு வீடு தேடித்தரப் பட்டியல் போட்டதும், அது பாதிதான் பலித்ததும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த கதை. நடந்த இடம் லண்டன். அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் ஐ.சி.எஸ். தேர்வுக்கும் இங்கிருந்து கப்பல் ஏறியவர்கள் பலர். போய் இறங்கியதும் முதல் வேலை அறை தேடுவது. நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரம்மாக்கள் உண்டு. இதற்கு ஒரு வழியாக ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1 அன்று ஹைகேட் பகுதியில், 65 குரோம்வெல் அவென்யூ என்ற முகவரியில் 'இந்தியா ஹவுஸ்' விடுதியைத் திறந்தார். வரகனேரி வ.வே.சு. ஐயர், பிற்காலத்தில் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யா ஆகியோர் அங்கே தங்கினார்கள். சாவர்க்கரும் அங்கேதான். தங்க இடம் தேடி வந்தவர்கள் அரசியலையும் சேர்த்தே பெற்றார்கள் என்று சொல்ல வேண்டும்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. இந்திய மாணவர்களின் நிலையை ஆராய 1907-இல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் விளைவாக 1909-இல் மாணவர்களுக்கான தகவல் நிலையம் ஒன்று பிறந்தது. டி.டபிள்யூ. ஆர்னால்டு (கவிஞர் இக்பாலின் ஆசிரியர்) அதன் பொறுப்பாளர். எந்தக் கல்லூரியில் என்ன படிக்கலாம், தகுந்த தங்குமிடம் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவது அதன் வேலை. நம் இணையதளம் செய்ய நினைப்பதும் ஏறக்குறைய இதேதான். 1910-இல் அது 21 குரோம்வெல் ரோடுக்கு மாறியது. புதிதாக வந்திறங்கியவர்கள் சில நாள் தங்க அங்கே அறைகளும் இருந்தன.

அவென்யூவும் குரோம்வெல், ரோடும் குரோம்வெல்! ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு கொலை நடந்திருந்தது. அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த கர்சன் வைலியை 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா சுட்டுக்கொன்றார். இந்தியா ஹவுஸ் திறந்து சரியாக நான்கு ஆண்டு. அதன்பின் அந்த விடுதி மூடப்பட்டது. தகவல் நிலையத்தையோ பல மாணவர்கள் உளவு அலுவலகமாகவே பார்த்தார்கள். முகவரி கேட்கப் போனால் நம் முகவரி போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயம். லீ-வார்னர் குழுவின் அறிக்கையை 1922 வரை வெளியிடாமல் வைத்திருந்த அரசாங்கத்தை யார் நம்புவார்கள்? பட்டியல் நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை வைத்திருந்தவர் மீது நம்பிக்கை இல்லை.

நம்பிக்கையைப் பெற்றவர் ஒரு சேலத்துக்காரர். ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக வந்த முதல் இந்தியரான கே.டி. பால், 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கினார். 1923-இல் அது கோவர் தெருவுக்குப் போனது. இப்போது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கும் இந்திய ஒய்.எம்.சி.ஏ. அதுதான். இதை நடத்தியவர்கள் இந்தியர்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

ஆனால் எல்லோருக்கும் இடம் தர ஒரு விடுதியால் முடியுமா? வெளியே அறை தேடியவர்களுக்குப் பழைய கதைதான். நிறம் பார்த்து வீடு மறுப்பது தவறு என்று பிரிட்டனில் சட்டம் வர 1968 ஆகிவிட்டது. அதிலும் ஒரு ஓட்டை. வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருந்து, சிறிய வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டால் அவருக்கு விலக்கு இருந்தது. மாணவர்கள் தேடிப்போனதே பெரும்பாலும் அப்படிப்பட்ட அறைகளைத்தான்!

நம் பக்கம் 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் சொல்கிறது. யாருக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையை அது தொடவில்லை. ஆகவே பொத்தேரியிலோ படூரிலோ இணையதளம் செய்ய உட்காரும் மாணவர், அந்த ஐந்தாவது கட்டத்தை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு நிரப்பினால் பலருக்கு வீண் பஸ் செலவு மிச்சமாகும். கேட்டால் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்வாரா என்பது வேறு விஷயம்...