ஆலய மண் காத்த வெள்ளி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தில் புனித நினியன் பெயர் தாங்கிய தீவு ஒன்று உண்டு. அங்கே இடைக்கால ஆலயமொன்றின் இடிபாடுகளை அபர்டீன் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து வந்தனர். 1958 ஜூலை 4 அன்று, உதவிக்கு வந்திருந்த பள்ளி மாணவன் ஒருவன் சிலுவை கீறிய கற்பலகையைப் பெயர்த்தான். அடியில், மட்கிய மரப்பெட்டிக்குள் 28 வெள்ளிப் பொருள்களும், கடற்பன்றியின் தாடையெலும்பு ஒன்றும் கிடந்தன.

அவை எட்டாம் நூற்றாண்டுப் பிக்த் இனத்தாரின் செல்வம். மேலாடை பூட்டும் அணியூசிகள் 12; கிண்ணங்கள் 8. கிண்ணங்கள் சிலவற்றில் ஒன்றோடொன்று பின்னிய விலங்குருக்களைச் சிறு புள்ளிகளால் பொறித்துள்ளனர். வாளுறை முனைக்கவசம் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. அதன் ஒருபுறம், ‘உன்னத இறைவனின் பெயரால்’ என்னும் பொருள்படும் இலத்தீன் எழுத்துகள். மறுபுறம் மகனையும் தூய ஆவியையும் குறிப்பதாக அறிஞர் படிப்பர்.

கி.பி. 800-ஐ ஒட்டி இவை புதைக்கப்பட்டன. வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சியே மறைத்திருக்கக்கூடும் என்பர். வாளுறைக்கும் இறைப்பெயர் சூட்டிய அம்மக்கள், ஆபத்து நெருங்கியபோது தம் செல்வத்தை ஆலய மண்ணிடமே ஒப்படைத்தனர். மீட்டெடுக்க எவரும் திரும்பவில்லை.

இன்று அவ்வெள்ளி எடின்பரோ அருங்காட்சியகத்தில் ஒளிர்கிறது. அதன் அழகில் மயங்கும் நாம், அதை மண்ணில் இறக்கி வைத்த கைகளின் நடுக்கத்தையும் சற்றே நினைப்போமாக.