கரை கடந்த வானலைகள்

சோளகம் வீசுங்காலம் ஒன்று. வாடை வீசுங்காலம் ஒன்று. கடலை நம்பி வாழும் நம் ஊரவருக்கு இதனை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. காற்று மாறியதென்று நொந்துகொண்டு கரையில் இருப்பவனுக்கு மீன் கிடைப்பதில்லை. காற்றறிந்து தொழில் செய்பவனே பிழைக்கின்றான். கடற்காற்றைப் போன்றே நமக்கும் தமிழகத்துக்கும் இடையேயுள்ள ஆகாயத்தில் வேறொரு காற்றும் ஏறக்குறைய நூறாண்டுகளாக மாறி மாறி வீசி வருகின்றது. வானொலி என்றும் தொலைக்காட்சி என்றும் அதனை வழங்குகின்றோம். அக்காற்று எப்பொழுது, எதனால் திரும்பிற்று என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். மூத்தோர் ஒருமுறை நினைவுகூர்தலும் நன்று.

இலண்டனில் பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகளில், 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினர் தம் வீரருக்காகக் கொழும்பில் வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினர். போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 இல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று.

இந்த வேளையிலேதான் பாரதத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1952 இல் அந்நாட்டின் தகவல் அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசையுணர்வைக் கெடுக்கின்றன என்று எண்ணி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடத்தைச் சுருக்கினார். கேட்போர் சினங்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் திருகியைக் கொழும்புப் பக்கம் திருப்பினர். அமீன் சயானி நடத்திய ‘பினாகா கீத்மாலா’ பம்பாயில் பதிவு செய்யப்பட்டு, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து பாரதம் முழுவதும் ஒலித்தது. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலுக்குத் தமிழகத்தில் இருந்த செல்வாக்கை அந்நாட்டு முதியோர் இன்றும் சொல்லி மகிழ்வர். தன் பிழையை உணர்ந்த டில்லி 1957 இல் ‘விவித பாரதி’யைத் தொடங்கிற்று. பெரிய நாடொன்றின் செவியைச் சிறிய தீவொன்று ஐந்தாண்டுகள் எளிதாகக் கவர்ந்துகொண்டது. கேட்பவர் விரும்பியதைக் கொடுத்தமையன்றி அதற்கு வேறு மந்திரம் ஏதும் இல்லை.

பாடல் மட்டுமோ? சானா எழுதிய ‘இலண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற நாடகங்கள் நம் நாட்டுப் பேச்சுத் தமிழையே வானேற்றின. தன் வீட்டுப் பேச்சு வானொலியில் வருவதைக் கேட்ட குடியானவன் தானும் ஒரு கதையின் நாயகனே என்று உணர்ந்தான். இப்பேற்றினை எளிதென்று எண்ணுதல் தகாது.

நிற்க. தொலைக்காட்சியின் கதைக்கு வருவோம். இலண்டனில் 1936 இலும், டில்லியில் 1959 இலும், சென்னையில் 1975 இலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. இலங்கையில் 1979 ஏப்ரில் மாதத்திலே தனியார் முயற்சியாகச் ‘சுயாதீனத் தொலைக்காட்சி’ உதயமாயிற்று. இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் அரசு அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் யப்பானின் நன்கொடையுதவியால் 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் ரூபவாகினி பிறந்தது. 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலை மலையுச்சியிலிருந்து எழுந்த அதன் அலைகள் கடலையும் கடந்தன. தென் தமிழகக் கரையோர மக்கள் நீண்ட குழாய்களில் அன்ரனாக்களை உயர்த்தி, நம் நாட்டுப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தனர். அன்றும் காற்று இங்கிருந்தே அங்கு வீசிற்று.

அது திரும்பிய விதத்தை இனிக் காண்போம். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984 இல் நின்றது. ஆள் போக்குவரத்து நின்ற அந்தக் காலத்திலேயே அலைப் போக்குவரத்துப் பெருகிற்று. கொடைக்கானல் மலையிலிருந்து தூரதர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கியதும் வடபுலத்து அன்ரனாக்கள் யாவும் வடமேற்கே திரும்பின. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. எனினும் வெப்பமான நாட்களில் கடலின் மேற் படியும் காற்றடுக்குகள் அதனை வளைத்து நெடுந்தூரம் கொண்டுசெல்லும். ஒருநாள் தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் வெறும் புள்ளிகளாய்ப் போனதற்கு இதுவே காரணம். 1995 இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தபின் நமக்கு அந்தத் தொல்லையும் குறைந்தது. பேசாலைக்கும் அக்கோபுரத்துக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீற்றரே.

வெள்ளிக்கிழமைதோறும் ‘ஒளியும் ஒலியும்’. 1987 முதல் 1988 வரை இராமானந்த் சாகரின் ‘இராமாயணம்’. அதன்பின் 1990 வரை ‘மகாபாரதம்’. இராமாயணம் பேசியதோ இந்தி மொழி. மொழி புரியாதவர்க்கும் கதை புரிந்தது. ஏனெனில் பாட்டியர் மடியிலேயே கேட்ட கதை அது. சேது அணை கட்டப்பட்டதாகக் கதை கூறும் கடலின் ஓரத்தில் வாழும் நமக்கு அக்காட்சி அயலூர்ச் செய்தியாகுமோ?

நம் நாட்டு நிலையம் இருக்க அயல்நாட்டு நிலையத்தை நாடியது ஏன் என்று சிலர் வினவலாம். விடை எளிது. ரூபவாகினியிலே தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. தாகங்கொண்டவன் தன் முற்றத்துக் கிணற்றில் நீர் சுரக்காவிடில் அயல்வீட்டுக் கிணற்றுக்கே செல்வான். 1952 இல் டில்லி செய்த பிழையைப் பிற்காலத்தில் கொழும்பும் செய்தது. போர் மூண்டு மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளிலோ தொலைக்காட்சியே பலருக்குக் கனவாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிப் பெட்டிக்கு உயிரூட்டி, பி.பி.சி. தமிழோசைச் செய்திக்காகக் காத்திருந்தனர் நம் மக்கள். அந்தத் தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 இல் நின்றுவிட்டது.

வென்றவரும் நிலைத்தாரில்லை. 1993 ஏப்ரிலில் சன் தொலைக்காட்சி செய்மதி வழியாக வந்தது. தூரதர்ஷனின் தனியாட்சி சரிந்தது. நம் நாட்டிலும் 1998 இல் சக்தி, 2009 இல் வசந்தம் எனத் தமிழுக்கென்றே அலைவரிசைகள் தோன்றின. 2022 ஆம் ஆண்டளவில் பாரதத்தின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளிற் பெரும்பாலானவை ஓய்வு கொண்டன. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே டூமொன்ட் என்னும் ஒளிபரப்பு வலையம் 1946 இல் எழுந்து 1956 இல் மறைந்தது. 1971 இல் சி.பி.எஸ். நிறுவனம் நாட்டுப்புற வாழ்வைக் காட்டிய ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’, ‘கிரீன் ஏக்கர்ஸ்’ முதலிய நிகழ்ச்சிகளை, பெருந்தொகையினர் பார்த்துவந்தும், நிறுத்திவிட்டது. விளம்பரம் கொடுப்போர் விரும்பியது நகரத்து இளைஞரையே. கிராமத்து முதியவரின் விருப்பம் அவர்தம் கணக்கில் ஏறவில்லை. பிறர் பணத்தில் நடக்கும் அரங்கில் யாருடைய கதை ஆடப்படும் என்பதைப் பணமே தீர்மானிக்கின்றது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 2020 இல் கொள்ளைநோயினால் பாரதம் முடங்கிக் கிடந்தபோது, முப்பதாண்டுகளுக்கு முந்திய அதே ‘இராமாயணம்’ மீண்டும் ஒளிபரப்பாகி, வீடுதோறும் மக்களை ஒன்றாக இருத்திற்று. பேணிவைத்தமையால் அது மீண்டும் உயிர்த்தது. பி.பி.சி.யோ, நாடாக்களை மீண்டும் பயன்படுத்துவதற்காகவும் இடம் போதாமையாலும், 1960களின் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்தது. ‘டொக்டர் ஹூ’ தொடரிற் பல பாகங்களை இன்றும் உலகெங்கும் தேடுகின்றனர். பேணாதது மாண்டது, பேணியது மீண்டது.

நம்முடைய கதை பேணப்பட்டதா? கப்பலேறித் தனுஷ்கோடி சென்றுவந்தவர், 1964 இன் புயலைக் கண்டவர், 1990 இல் குழந்தைகளைச் சுமந்து வள்ளமேறி அக்கரை சேர்ந்து பின் மீண்டவர் நம்மிடையே இன்னும் உளர். வலை இழுக்கும்போது பாடிய பாட்டும், விடிய விடிய ஆடிய கூத்தும் அவர்தம் நினைவில் உள. எந்த நிலையமும் அவற்றைத் தேடி இம்மணல் மேட்டுக்கு வருமென்று காத்திருத்தல் வீண். இதுகாறும் நாம் பிறர் அலையைப் பிடிக்க அன்ரனா திருப்பியவர். நம் குரலை அலையில் ஏற்ற நம்மிடம் கருவி இல்லை. இன்றோ ஒவ்வோர் இளைஞர் கையிலும் உள்ள தொலைபேசி ஓர் ஒலிப்பதிவுக் கூடமாகும். ஓர் ஒளிபரப்பு நிலையமும் ஆகும்.

ஆதலின் இளைஞர்களே, இவ்வாண்டு ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் முன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பெயரும் நாளும் எழுதி, இரண்டு இடங்களிற் பத்திரப்படுத்துங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது ‘அதெல்லாம் எதற்கு’ என்று தள்ளாதீர்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் முன்னோர் வாக்கு. இப்போது நம் கையிலுள்ள இந்தக் காற்றும் ஒருநாள் மாறும்; அதற்குள் நெல்லைச் சேர்த்துவிடுவோம்.